சில ஆட்டங்களே ஆடியவர்களின் பழைய பேஸ்பால் அட்டைகளைச் சேர்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படத்தை அட்டையில் அச்சிட்டு ஆண்டுதோறும் வெளியிட்ட அமெரிக்க நிறுவனம் டாப்ஸ். அதன் 1961-ஆம் ஆண்டு வரிசையில் கென் ஹன்ட் என்ற பெயரில் இரண்டு அட்டைகள் உண்டு. ஒருவர் லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் அணியின் அவுட்ஃபீல்டர், அதாவது வெளிக்களத்தில் நிற்பவர். அந்த ஆண்டு 25 ஹோம் ரன் அடித்தவர். இன்னொருவர் சின்சினாட்டி ரெட்ஸ் அணியின் பிட்சர், அதாவது பந்தெறிபவர். அந்த ஒரே பருவத்தில் 29 ஆட்டங்களில் பந்தெறிந்து, பருவ இறுதிச் சாம்பியன் தொடரான வேர்ல்ட் சீரிஸிலும் ஓர் இன்னிங்ஸ் ஆடிவிட்டு, அதன்பின் மேஜர் லீக் என்ற உச்சநிலைப் போட்டியின் பக்கமே வராதவர். எனக்கு வேண்டியவர் இரண்டாமவர். நான் வாங்கி வந்தது முதலாமவரை. விலை இவ்வளவு மலிவாக இருக்கிறதே என்று மகிழ்ந்துகொண்டே வாங்கினேன். அந்த மலிவுதான் எச்சரிக்கை மணி என்பது வீட்டுக்கு வந்து பட்டியலோடு ஒப்பிட்டபோதுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு இந்த வேலையில் இறங்கிய நண்பர்கள் சிலரை அருகிலிருந்து பார்த்துவிட்டேன். வழுக்கி விழும் இடம் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கிறது. அட்டையை முதலில் வாங்குகிறார்கள், ஆளைப் பிறகு தேடுகிறார்கள். கீழே உள்ள வரிசை அதைத் தலைகீழாக மாற்றுகிறது. படிகளை முன்பின் மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொன்றும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லியிருக்கிறேன்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

பெரிய செலவு எதுவும் இல்லை. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் நகைக்கடை லென்ஸ் ஒன்று, மில்லிமீட்டர் கோடுகள் தெளிவாக உள்ள அளவுகோல், சிறிய புற ஊதா டார்ச், மெல்லிய பிளாஸ்டிக் உறைகள், கெட்டியான அட்டைக் கூடுகள். கணினியில் ஒரு விரிதாளோ கோடு போட்ட நோட்டோ இருந்தால் போதும். நான் நோட்டுக் கட்சி.

பலரும் விட்டுவிடும் பொருள் ஒன்று உண்டு. நீங்கள் சேர்க்கப்போகும் ஒவ்வோர் ஆண்டு வரிசையிலிருந்தும் மூலை மழுங்கிய, யாருக்கும் வேண்டாத சாதாரண அட்டைகள் இரண்டு மூன்றை முதலிலேயே வாங்கி வையுங்கள். சந்தேகம் இல்லாத அசல் ஒன்று கையில் இருந்தால்தான் சந்தேகத்துக்குரிய அட்டையை எதனுடனாவது ஒப்பிட முடியும். தாளின் தடிமன், பின்புறத்தின் நிறம், வெட்டிய விளிம்பு ஆகியவற்றைத் திரையில் பார்த்துப் பழக முடியாது. விரல்தான் பழக வேண்டும்.

2. எல்லைக்கோட்டை எழுதி வையுங்கள்

மேஜர் லீகில் சில நாட்கள் மட்டும் ஆடிவிட்டுத் திரும்பியவரை அமெரிக்கர்கள் "ஒரு கோப்பை காபி குடித்துவிட்டுப் போனவர்" என்பார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் எத்தனை மிடறு வரை ஒரு கோப்பை? இதை முடிவு செய்யாமல் கடைக்குப் போனால் பார்க்கும் ஒவ்வொரு தெரியாத முகமும் "இவரும் நம்மாள்தானே" என்று தோன்றும். ஆறு மாதத்தில் ஒரு பெட்டி நிறைய அட்டை சேர்ந்துவிடும். தொகுப்பு என்று சொல்ல எதுவும் இருக்காது.

என் கோடு: மேஜர் லீகில் மொத்தம் 50 ஆட்டங்கள் அல்லது அதற்குக் குறைவு. இதில் விசித்திரங்கள் நேரும். 1982 டாப்ஸ் வரிசையின் 21-ஆம் எண் அட்டையில் பின்னாளில் நட்சத்திரமான கால் ரிப்கனோடு பாப் பானர், ஜெஃப் ஷ்னைடர் என்று இருவர் இருக்கிறார்கள். ஷ்னைடர் ஆடியது 11 ஆட்டம், பானர் 61. என் கணக்கில் ஒரே அட்டையில் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. பில் டெனகி 49 ஆட்டங்களோடு தலை தப்பினார். கோடு என்றால் அப்படித்தான். ஒருவருக்காகத் தளர்த்தினால் அடுத்தவருக்கும் தளர்த்த வேண்டிவரும்.

ஆட்டங்களை எண்ணுவதா, அணியில் இருந்த நாட்களை எண்ணுவதா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். டாம் குவால்டர்ஸ் பெரிய தொகைக்கு ஒப்பந்தமான இளைஞர். அன்றைய விதிப்படி அப்படிப்பட்டவரை இரண்டு ஆண்டுகள் மேஜர் லீக் அணியிலேயே வைத்திருக்க வேண்டும். 1953-இல் பிலடெல்ஃபியா பிலீஸுக்காக ஒரே ஓர் ஆட்டம். ஓர் இன்னிங்ஸில் மூன்றில் ஒரு பங்குக்குள் 6 ரன் கொடுத்தார். பந்துவீச்சுச் சராசரி (ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் என்ற கணக்கு) 162.00. அடுத்த ஆண்டு முழுதும் அணியில் இருந்தும் ஒரு பந்துகூட எறியவில்லை. ஆனால் 1954 டாப்ஸ் வரிசையில் அவருக்கு அட்டை இருக்கிறது. நாட்களை எண்ணினால் இவர் நீண்டகால ஆட்டக்காரர். ஆட்டங்களை எண்ணினால் மொத்தமே 34.

கோட்டின் மறுமுனையில் லாரி யவுன்ட் இருக்கிறார். 1971 செப்டம்பர் 15 அன்று ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் பிட்சராக அவர் பெயர் அறிவிக்கப்பட்டது. பயிற்சிப் பந்து எறியும்போதே முழங்கை வலி எடுத்து வெளியேறினார். அறிவிப்பு ஆகிவிட்டதால் கணக்கில் ஓர் ஆட்டம் உண்டு. எறிந்த பந்து ஒன்றும் இல்லை. பந்தியில் உட்கார்ந்தும் இலையில் சோறு விழாதவர். இத்தகையவரையும் சேர்ப்பீர்களா என்பதை எழுதி வையுங்கள். நான் சேர்க்கிறேன்.

காலத்துக்கும் ஓர் எல்லை தேவை. புதிதாகத் தொடங்குபவருக்கு 1952 முதல் 1973 வரை என்பது என் பரிந்துரை. அந்த ஆண்டுகளில் டாப்ஸ் நிறுவனம் அட்டைகளைப் பருவம் முழுதும் தொடர் தொடராக வெளியிட்டது. 1974 முதல் எல்லாவற்றையும் ஒரே தடவையில் வெளியிடத் தொடங்கியது. விலையை நிர்ணயிக்கும் காரணங்கள் அந்த இடத்தில் மாறுகின்றன. ஒரே சமயத்தில் இரண்டு விதிகளைக் கற்பது வீண் குழப்பம்.

3. பட்டியலை ஆட்டக் கணக்கிலிருந்து எடுங்கள்

பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வோர் அணிக்கும் ஆடிய அனைவரின் பெயரும் ஆட்ட எண்ணிக்கையோடு இருக்கும். ஓர் அணி, ஓர் ஆண்டு என்று எடுத்துக்கொண்டு கீழிருந்து மேலாகப் படியுங்கள். நட்சத்திரங்கள் மேலே இருப்பார்கள். நமக்கு வேண்டியவர்கள் அடியில்.

ஒவ்வொருவருக்கும் ஐந்து விஷயங்களைக் குறியுங்கள்: கணக்கில் உள்ள பெயர், பிறப்பில் வைத்த முழுப்பெயர், களத்தில் ஆடும் நிலை (பிட்சர், அவுட்ஃபீல்டர் போல), ஆடிய அணிகளும் ஆண்டுகளும், மொத்த ஆட்டங்கள். முழுப்பெயரைப் பலர் தவிர்க்கிறார்கள், பிறகு அல்லாடுகிறார்கள். 1973 டாப்ஸ் வரிசையின் 615-ஆம் எண்ணில் மைக் ஷ்மிட், ரான் சே ஆகியோருடன் "ஜான் ஹில்டன்" என்று ஒருவர் அச்சாகியிருக்கிறார். ஆட்டக் கணக்கில் தேடினால் அவர் "டேவ் ஹில்டன்". முழுப்பெயர் ஜான் டேவிட் ஹில்டன் என்று தெரிந்தவருக்கு ஒரு நிமிட வேலை. தெரியாதவர் ஜான் என்ற பெயரில் இல்லாத ஒருவரை மாலை முழுதும் தேடுவார். (161 ஆட்டங்கள் ஆடியவர் என்பதால் என் பட்டியலில் அவருக்கு இடமில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு அந்த மாலை போயிற்று.)

நிலையை எழுதுவது கென் ஹன்ட் போன்ற இரட்டைப் பெயர்களுக்காக. 1962 நியூயார்க் மெட்ஸ் அணியிலேயே பாப் மில்லர் என்ற பெயரில் இரண்டு பிட்சர்கள் இருந்தார்கள். ஒருவர் வலக்கை, மற்றவர் இடக்கை. அங்கே நிலைகூட உதவாது, கையையும் குறித்துவையுங்கள்.

முதல் பட்டியலில் இருபது பேருக்கு மேல் வேண்டாம். அதிலேயே எல்லா வகைச் சிக்கலும் வந்துவிடும்.

4. அவருக்கு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள்

ஓர் ஆட்டக்காரருக்கு அட்டை இருப்பதற்கும் அவர் திறமைக்கும் தொடர்பு குறைவு. டாப்ஸ் ஆட்கள் மேஜர் லீகுக்குக் கீழ்நிலையான மைனர் லீகிலேயே இளைஞர்களைப் பிடித்து 5 டாலர் கொடுத்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அந்த 5 டாலருக்கு "ஸ்டேக் பணம்" என்றே பெயர். ஒரு நல்ல சாப்பாட்டுக்குப் போதும் என்ற பொருளில். எனவே அட்டையை அச்சிட்டவர்கள் "இவர் அணிக்கு வரக்கூடும்" என்று ஊகித்து அச்சிட்டார்கள். ஊகம் பலித்ததும் உண்டு, பொய்த்ததும் உண்டு.

இதிலிருந்து மூன்று நடைமுறை விதிகள் கிடைக்கின்றன.

முதலாவது, ஆடிய ஆண்டில் மட்டும் தேடாதீர்கள். செப்டம்பரில் மேலே அழைக்கப்பட்டவரின் அட்டை பெரும்பாலும் அடுத்த ஆண்டு வரிசையில்தான் வரும். ஓர் ஆண்டு முன்னும் இரண்டு ஆண்டு பின்னும் பாருங்கள்.

இரண்டாவது, ஆடிய அணியில் மட்டும் தேடாதீர்கள். ஃபிரிட்ஸ் ஆக்லி 1963, 1964 ஆண்டுகளில் சிகாகோ ஒயிட் சாக்ஸுக்காக 5 ஆட்டங்கள் ஆடினார். 1965 வரிசையில் அவர் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அட்டையில் இருக்கிறார். அந்த அணிக்காக மேஜர் லீகில் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ஒயிட் சாக்ஸ் பக்கத்தை மட்டும் புரட்டியவர் இந்த அட்டையைத் தவறவிடுவார்.

மூன்றாவது, தனி அட்டையை மட்டும் தேடாதீர்கள். 1960-களில் புதுமுகங்களை இருவர், மூவர், நால்வராக ஒரே அட்டையில் அடைத்தார்கள். 1963 வரிசையில் நான்கு வட்டங்களுக்குள் நான்கு தலைகள் மட்டும் மிதக்கும். விற்பவர் அந்த அட்டைக்கு இடும் தலைப்பில் நட்சத்திரத்தின் பெயர்தான் இருக்கும். உங்கள் ஆள் பெயர் இருக்காது. ஆகவே அட்டைகளைத் தொகுத்துவைத்திருக்கும் தரவுத்தளத்தில் பெயரைப் போட்டு, வரும் ஆண்டையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சந்தையில் ஆண்டையும் எண்ணையும் வைத்துத் தேடுங்கள், பெயரை வைத்துத் தேடாதீர்கள்.

ஜிம் பாமரை எல்லோருக்கும் உதாரணமாகச் சொல்வேன். 1949-இல் ஒயிட் சாக்ஸுக்கு 8 ஆட்டங்கள். பிறகு ஆண்டுக்கணக்கில் மைனர் லீக். 1961-இல் ரெட்ஸுக்கு 10 ஆட்டங்கள். முடிந்தது. 1949, 1950 வரிசைகளைக் கிளறிவிட்டு "இவருக்கு அட்டை கிடையாது" என்று ஒரு நண்பர் பெயரையே அடித்துவிட்டார். 1961 டாப்ஸ் வரிசையில் பாமர் இருக்கிறார்.

5. விலை ஏன் அந்த விலை என்று தெரிந்துகொள்ளுங்கள்

புதியவர்களுக்கு அதிர்ச்சி தரும் இடம் இது. ஐந்து ஆட்டம் ஆடியவரின் அட்டை ஐந்நூறு ஆட்டம் ஆடியவரின் அட்டையைவிடப் பல மடங்கு விலை போகும். காரணம் ஆளில் இல்லை; அட்டை இருக்கும் இடத்தில் இருக்கிறது.

முதல் காரணம் எண். தொடர் தொடராக வெளியிட்ட காலத்தில் கடைசித் தொடர் கடைக்கு வரும்போது பேஸ்பால் பருவம் முடியும் தறுவாயில் இருக்கும். பிள்ளைகளின் கவனம் அமெரிக்கக் கால்பந்துக்குப் போயிருக்கும். கடைக்காரர்கள் குறைவாக வாங்கினார்கள். எனவே கடைசி எண்கள் அரிது. சேகரிப்பவர்கள் இவற்றை "உயர் எண்கள்" என்பார்கள். 1952-இல் 311 முதல் 407 வரை, 1961-இல் 523 முதல் 589 வரை, 1966-இல் 523 முதல் 598 வரை, 1967-இல் 534 முதல் 609 வரை, 1972-இல் 657 முதல் 787 வரை. இந்த ஐந்து வரம்புகளை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். பிட்சர் கென் ஹன்ட்டின் 1961 அட்டை எண் 556. அவுட்ஃபீல்டர் ஹன்ட்டின் எண் 156. நான் விலையைப் பார்த்தே விழித்திருக்க வேண்டும் என்று சொன்னது இதனால்தான்.

இன்னொரு காரணம் அதே அட்டையில் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரம். ஆக்லியின் 1965 அட்டையில் உடன் இருப்பவர் ஸ்டீவ் கார்ல்டன். ரான் டாம்ப்கின்ஸின் 1968 அட்டையில் ஜானி பெஞ்ச். லாரி பர்ச்சார்ட்டின் 1969 அட்டையில் ராலி ஃபிங்கர்ஸ். டெனகிக்கு இரண்டு இடியும் சேர்ந்து விழுந்தது: 1967 வரிசையில் 581-ஆம் எண், அதாவது உயர் எண், பக்கத்தில் இருப்பவர் டாம் சீவர். அந்தப் பருவத்தில் சீவர் ஆண்டின் சிறந்த புதுமுகமானார். டெனகி 1 வெற்றி, 7 தோல்வி. பருவம் முடிந்ததும் மெட்ஸ் அணி டெனகியையும் 1,00,000 டாலரையும் வாஷிங்டன் செனட்டர்ஸுக்குக் கொடுத்து மேலாளர் கில் ஹாட்ஜஸை அழைத்துக்கொண்டது. அந்த ஹாட்ஜஸ்தான் 1969-இல் மெட்ஸுக்கு வேர்ல்ட் சீரிஸை வென்று கொடுத்தார்.

தப்பிக்க வழிகள் உண்டு. ஒன்று, அதே ஆளின் வேறு அட்டை. ஆக்லி 1964 வரிசையில் 368-ஆம் எண்ணில் டான் பியூஃபர்டோடு இருக்கிறார். கார்ல்டன் அட்டையின் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கும். டெனகிக்கு 1968-இல் செனட்டர்ஸ் அணியின் பெயரில் தனி அட்டை உண்டு. பட்டியலில் ஒவ்வொருவருக்கும் எதிரே எல்லா அட்டைகளையும் எழுதி, மலிவானதை வட்டமிடுங்கள்.

இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. நட்சத்திரத்தோடு சேர்ந்த அட்டைதான் வேண்டும் என்றால் மடிப்பு விழுந்த அட்டையைத் தேடுங்கள். மடிப்பு எங்கே விழுந்தாலும் சந்தை அட்டையின் தரத்தை ஏறக்குறைய ஒரே அளவில்தான் இறக்குகிறது. நட்சத்திரத்தின் முகத்தில் விழுந்தால் வாங்குபவர்கள் இன்னும் முகம் சுளிப்பார்கள். என்னிடம் உள்ள 1965 அட்டையில் வெள்ளை மடிப்பு ஒன்று கார்ல்டனின் கன்னத்தைக் குறுக்காகக் கடந்து தோளில் முடிகிறது. ஆக்லி பக்கம் கீறல்கூட இல்லை. விற்றவர் வருத்தத்தோடு விலையைக் குறைத்தார். எனக்கு வேண்டிய பாதி முழுதாக இருந்தது.

விலையைப் பார்க்கும்போது விற்று முடிந்தவற்றை மட்டும் பாருங்கள். கேட்கும் விலை விற்பவரின் கனவு. ஈபே தளத்தில் விற்பனையானவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி இருக்கிறது. கடைசியாக விற்ற ஐந்தாறு அட்டைகளின் நிலையையும் விலையையும் எழுதி, நடுவில் வரும் எண்ணை உங்கள் உச்சவரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும்.

6. வாங்குவது

மேலே உள்ள ஐந்தும் முடிந்திருந்தால் இது சுருக்கமான படி.

நட்சத்திரம் இல்லாத சாதாரண அட்டைகளை ஒரே விற்பவரிடம் பத்துப் பத்தாக வாங்குங்கள். ஒற்றை அட்டைக்குத் தபால் செலவு அட்டையின் விலையைத் தாண்டிவிடும். அட்டைக் கண்காட்சிகளில் ஆண்டு வாரியாக நீளப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருப்பார்கள். எண் வரிசையில் உங்கள் பட்டியல் இருந்தால் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். பெயர் வரிசையில் பட்டியல் போட்டுக்கொண்டு போனவர்கள் மதியம் வரை நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

நிலையைப் பொறுத்தவரை, மூலைகள் சற்றே மழுங்கி, மடிப்பு இல்லாமல், படம் தெளிவாக உள்ள அட்டை போதும். தரச்சான்று பெற்றுப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்த அட்டை இந்தத் தொகுப்புக்குப் பெரும்பாலும் வீண்செலவு. சாதாரண அட்டைக்குச் சான்றுக் கட்டணமே அட்டையைவிட அதிகம். விதிவிலக்கு, நட்சத்திரத்தோடு சேர்ந்த விலையுயர்ந்த அட்டைகள். அவற்றில் போலிகள் உண்டு. பீட் ரோஸ் இருக்கும் 1963-ஆம் ஆண்டு 537-ஆம் எண் அட்டையின் போலிகள் பேர்பெற்றவை. அங்கே சான்று கேளுங்கள்.

அட்டையின் நிறக்கரையையும் கணக்கில் எடுங்கள். 1971 வரிசையின் கறுப்புக் கரையில் சின்ன உரசலும் வெள்ளையாகத் தெரியும். 1962-இன் மரநிறக் கரையும் அப்படித்தான். அந்த ஆண்டுகளில் கரை பளிச்சென்று இருந்தால் யாராவது பேனாவால் நிறம் தீட்டியிருக்கிறார்களா என்று சந்தேகப்படுங்கள்.

7. வந்தவுடன் சோதியுங்கள்

பெரும்பாலான விற்பவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளக் குறிப்பிட்ட நாட்களே தருகிறார்கள். உறையைப் பிரித்த அன்றே சோதியுங்கள். அலமாரியில் வைத்து மூன்று மாதம் கழித்துப் பார்ப்பது வழக்கமான தவறு.

முதலில் அளவு. 1952 முதல் 1956 வரையிலான டாப்ஸ் அட்டை 2⅝ அங்குல அகலம், 3¾ அங்குல உயரம். 1957 முதல் 2½க்கு 3½. அளவுகோலை மட்டும் நம்பாமல், அதே ஆண்டின் சாதாரண அட்டையை அடியில் வைத்து இரண்டையும் மேசையில் தட்டிச் சேர்த்துப் பாருங்கள். அக்காலத்து வெட்டில் மயிரிழை வித்தியாசம் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் கண்ணுக்குத் தெரியும்படி குட்டையாக இருந்தால், மழுங்கிய மூலையை மறைக்க யாரோ கத்தி வைத்திருக்கிறார்கள். அந்த விளிம்பை லென்ஸில் பாருங்கள்: ஆலையில் வெட்டிய விளிம்பில் நார்கள் கொஞ்சம் பிசிராக, மற்ற மூன்று பக்கங்களைப் போலவே பழுப்பேறியிருக்கும். புதிதாக வெட்டியது வெளுத்து, கூராக, சில சமயம் நுனியில் லேசாக வளைந்திருக்கும்.

அடுத்து அச்சு. விளக்கைப் பக்கவாட்டில் வைத்து லென்ஸை முகத்தின்மேல் வையுங்கள். கன்னம், தொப்பி, வானம் எல்லாம் நிறப்புள்ளிகளாகப் பிரிந்து ரோஜா இதழ் போல ஒழுங்காகச் சுற்றி நிற்கும். அப்படியே பெயர் எழுத்துக்கு நகர்த்துங்கள். அசலில் கறுப்பு எழுத்தும் மெல்லிய கோடுகளும் புள்ளி இல்லாமல் ஒரே மையாகத் திடமாக இருக்கும். அசலைப் படம் பிடித்து மறுபடி அச்சிட்ட போலியில் எழுத்தும் புள்ளிகளாக உடையும். இந்த ஒரு சோதனையைக் கற்றுக்கொண்டால் பாதிப் போலிகளை வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். உங்களிடம் உள்ள சாதாரண அட்டையில் முதலில் பார்த்துப் பழகுங்கள். இல்லாவிட்டால் அசலையே போலி என்று சண்டை போடுவீர்கள்.

புற ஊதா டார்ச், போருக்கு முந்தைய அட்டைகளைத் தொடும்போது பயன்படும். தாளை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்பொருட்கள் 1940-களின் பிற்பகுதிக்கு முந்தைய தாளில் இல்லை. 1910-ஐச் சேர்ந்தது என்று சொல்லும் அட்டை இருட்டில் நீலமாக ஒளிர்ந்தால் வாங்காதீர்கள். 1950-களுக்குப் பிந்தைய அட்டைகளில் இதை வைத்து முடிவுக்கு வர முடியாது.

கடைசியாகப் பின்புறம். "மறுபதிப்பு" என்று பொடி எழுத்தில் இருக்கிறதா என்று படியுங்கள். டாப்ஸ் நிறுவனமே 1952 வரிசையை 1983-இல் மறுபதிப்பாக வெளியிட்டது. அதை அசலோடு கலந்து விற்பவர்கள் இருக்கிறார்கள். சூயிங்கம் கறை, மெழுகுக் கறை ஆகியவை குறை அல்ல. பாக்கெட்டிலிருந்து வந்ததன் அடையாளம். அவற்றைத் தேய்த்து எடுக்க முயலாதீர்கள். எனக்குத் தெரிந்தவர் கறையோடு சேர்த்து மூக்கையும் எடுத்துவிட்டார்.

படத்தில் இருப்பவர் உங்கள் ஆள்தானா என்றும் பாருங்கள். 1969 வரிசையில் அவுரெலியோ ரோட்ரிகெஸ் அட்டையில் இருப்பது அணியின் மட்டை எடுத்துக்கொடுக்கும் சிறுவன். அதிகம் ஆடாதவர்களின் முகம் அச்சகத்தில் யாருக்கும் தெரியாது என்பதால் இத்தகைய குழப்பத்துக்கு வாய்ப்பு கூடுதல்.

8. பாதுகாத்து வைப்பது

மெல்லிய உறை முதலில், கெட்டிக் கூடு பிறகு. கூட்டுக்குள் நேரடியாகச் செருகினால் மூலை உரசும். பி.வி.சி. கலந்த பழைய ஆல்பப் பக்கங்கள் காலப்போக்கில் அட்டையோடு ஒட்டிக்கொள்ளும், அவற்றைத் தவிருங்கள். ரப்பர் பேண்ட் போடவே போடாதீர்கள்.

1957-க்கு முந்தைய பெரிய அட்டைகள் ஒன்பது அறைகள் உள்ள பக்கத்தில் நுழையாது. அழுத்தினால் மேல் மூலை மடங்கும். எட்டு அறைப் பக்கம் தனியாகக் கிடைக்கிறது. இதற்காகவே இரண்டு ஆல்பம் வைத்திருக்கிறேன்.

9. அட்டையே இல்லாதவர்கள்

பட்டியலில் சிலருக்கு எதிரே கட்டம் காலியாகவே நிற்கும். பெயரை அடித்துவிடுமுன் இரண்டு இடங்களைப் பாருங்கள்.

லாரி ஃப்ரிட்ஷ் என்ற அட்டை வணிகர் 1970-களின் பிற்பகுதியிலிருந்து "ஒன் இயர் வின்னர்ஸ்" என்ற பெயரில், குறுகிய காலமே ஆடியவர்களுக்காகவே அட்டைத் தொகுதிகளை வெளியிட்டார். டாப்ஸ் விட்டுப்போன முகங்கள் பல அதில் கிடைக்கும். விலையும் குறைவு. இவை பிற்கால அட்டைகள் என்பதைப் பட்டியலில் வேறு நிற மையில் குறியுங்கள். ஆடிய காலத்து அட்டையோடு கலக்க வேண்டாம்.

மற்றது மைனர் லீக் அட்டைகள். 1952, 1953 ஆண்டுகளில் மதர்ஸ் குக்கீஸ் நிறுவனம் பசிபிக் கோஸ்ட் லீக் ஆட்டக்காரர்களுக்கு அட்டை வெளியிட்டது. மேஜர் லீகில் தங்காதவர் மைனர் லீகில் ஊரே அறிந்த நாயகராக இருந்திருப்பார். அங்கே அவருக்குத் தனி அட்டையே இருக்கக்கூடும்.

10. கையெழுத்துக்கு எழுதுவது

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அட்டை ஒன்றுக்கு இரண்டாகக் கையில் இருந்தால்தான் ஒன்றைத் தபாலில் அனுப்பத் துணிவு வரும். விலையுயர்ந்ததை அனுப்பாதீர்கள், வட்டமிட்ட மலிவான அட்டையை அனுப்புங்கள்.

எழுதுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1980-க்குப் பிறகு ஆடியவர்களுக்கு 43 நாட்கள் அணியில் இருந்தாலே ஓய்வூதிய உரிமை வந்துவிடும். அதற்கு முன்பு ஆடி முடித்தவர்களுக்கு நான்கு ஆண்டுகள் தேவைப்பட்டன. நாம் தேடும் ஆட்களில் பெரும்பாலோர் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றார்கள். 2011-இல் தான் அவர்களுக்கு ஆண்டுதோறும் சிறு தொகை என்று ஏற்பாடானது. ஆகவே "உங்கள் அட்டை எனக்கு மலிவாகக் கிடைத்தது" என்ற உற்சாகத்தை எல்லாம் கடிதத்தில் கொட்ட வேண்டாம். ஐந்து அட்டைகளை அனுப்பி ஐந்திலும் கையெழுத்து கேட்பதும் வேண்டாம். கையெழுத்துக்குக் கட்டணம் கேட்பவராக இருந்தால் பேரம் பேசாமல் கொடுங்கள்.

கடிதம் கையால் எழுதியதாக, ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். அவர் ஆடிய ஆட்டம் ஒன்றைத் தேதியோடு குறிப்பிட்டு, அதைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 5 ஆட்டமே ஆடியவருக்கு அந்த ஐந்தும் நினைவில் இருக்கும். உங்கள் முகவரி எழுதித் தபால் தலை ஒட்டிய உறை, அதில் நுழையும் அளவுக்கு வெட்டிய கெட்டி அட்டை இரண்டு, ஆட்டக்காரர் அட்டை மெல்லிய உறையில். கெட்டிக் கூட்டில் போட்டு அனுப்பினால் வயதானவர்கள் அதிலிருந்து அட்டையை எடுக்கத் திணறுகிறார்கள். சிலர் கூட்டின் மேலேயே கையெழுத்திட்டு அனுப்பியதும் நடந்திருக்கிறது.

அனுப்பும் முன் அட்டையின் இருபுறத்தையும் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். அனுப்பிய தேதியைப் பட்டியலில் பென்சிலால் குறியுங்கள். பதில் வந்ததும் மையால் எழுதுங்கள். என் நோட்டில் பென்சில் தேதி 14 மாதம் அப்படியே இருந்துவிட்டு மையாக மாறிய வரி ஒன்று உண்டு. கையெழுத்து இல்லாமல் அட்டை மட்டும் திரும்பிய வரி ஒன்றும் உண்டு. அதனோடு வந்த துண்டுத்தாளில், நான் கேட்ட கேள்விக்கு நான்கு வரிப் பதில் இருந்தது. அந்தத் தாளையும் ஒரு மெல்லிய உறையில் போட்டு அட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.